பித்தளைப் பல்சக்கரம்

“எட்டாவது தடவைங்க சாமி. இதுக்கு மேல நம்மால ஆகாது.”

தில்லைநாயகி உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். பல் உதிர்ந்த ஒரு ஃபைபர் சக்கரம்.

அவளுக்கு வயது ஐம்பத்தொன்று. சாமிக்கு முப்பத்தாறு. கோயமுத்தூரில் இருபது வருஷம் மோட்டாருக்குக் காயில் கட்டிக் கடை நடத்தியவள், மௌனம் கற்க ஆசிரமத்துக்கு வந்திருந்தாள். சாமி அவளை அக்கா என்பார்.

வந்த அன்றே சாமி மௌன மண்டபத்தைக் காட்டினார். “நம்ம பழைய வாஷிங் மெஷின் நாப்பது நாள் நடுவுல நிக்காம ஓடட்டும். அப்புறம் உள்ள போங்க அக்கா.”

யாரோ ஒரு பக்தர் கொடுத்த மெஷின். சாமிக்கே மூத்தது. மோட்டார் சுற்றும். பெல்ட் இழுக்கும். கீழே பல்சக்கரப் பெட்டி அந்தச் சுற்றலை இப்படியும் அப்படியுமான ஆட்டமாக மாற்றும். தொட்டியின் நடுத்தண்டு ஆடும், துணி வெளுக்கும்.

பதினைந்தே நாளில் அந்த ஒரு சக்கரம் மட்டும் பல்லை உதிர்க்கும்.

எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து.

“மத்த சக்கரமெல்லாம் இரும்புங்க. இது ஒண்ணுதான் ஃபைபர். செஞ்சவன் சுத்தக் கஞ்சப்பயல். சொத்தைப் பல்லைக் குடுத்துக் கரும்பு கடின்னா எப்படிங்க கடிக்கறது?”

“என்ன செய்யலாம்?”

“பித்தளையில கடைஞ்சு போட்டுடறேன்.”

“போடுங்க.”

வாதாடுவதற்கென்று ஒரு மணி நேரம் யோசித்து வைத்துக்கொண்டு வந்திருந்தாள். ஒரே வார்த்தையில் சரி என்றுவிட்டாரே என்று கோபமாக வந்தது.

பித்தளைச் சக்கரம் ஏறியது. பத்து நாள் ஓடியது. இருபது நாள் ஓடியது.

முன்பெல்லாம் சக்கரம் உடைந்த கையோடு, இரண்டு நாளைக்காவது பயந்து எல்லாரும் துணியைக் குறைப்பார்கள். இப்போது அந்தப் பயம் போயிற்று. வேட்டியோடு போர்வை வந்தது. போர்வையோடு கம்பளி வந்தது. சமையற்கட்டிலிருந்து அரிசிச் சாக்கும் வந்தது.

முப்பத்தெட்டாம் நாள், மூத்த சீடர் அமிர்தலிங்கமும் இன்னும் மூன்று பேரும் மண்டபத்து ஜமுக்காளத்தையே பாடை தூக்குவதுபோலத் தோளில் தூக்கி வந்தார்கள். எல்லாருடைய கம்பளிக்கும் மேலே அதைத் திணித்து முழங்காலால் அமுக்கினார்கள்.

“ஏனுங்க, இது மெஷினுங்களா, நொய்யல் ஆறுங்களா?”

“பித்தளைதானேம்மா! தாங்கும், தாங்கும்.” அமிர்தலிங்கம் சிரித்தார்.

பித்தளை தாங்கத்தான் செய்தது.

மோட்டார் முனகியது. லேசாக ஒரு வாடை வந்தது. மற்றவர்களுக்கு அது ஒன்றுமில்லை. தில்லைநாயகி இருபது வருஷமாக மோந்த வாடை அது. இன்னும் பத்து நிமிஷம் விட்டால் காயில் கரி.

நிறுத்தினால் நாற்பது போச்சு.

‘ரெண்டே நாளுடி’ என்றது மனசு.

பிளக்கைப் பிடுங்கினாள்.

ஈரம் சொட்டச் சொட்ட ஜமுக்காளத்தை இழுத்து அமிர்தலிங்கத்தின் தோளில் போட்டாள். மற்றவர்களையும் கூப்பிட்டு, அவரவர் கம்பளியை அவரவர் கையில் கொடுத்தாள்.

“என்னம்மா இது?”

“கல்லு அங்க இருக்குதுங்க. கை உங்ககிட்ட இருக்குது. போங்க.”

சாமி மண்டபத்து வாசலில் உட்கார்ந்திருந்தார். அவர் எதிரே போய் நின்றாள்.

“முப்பத்தெட்டாம் நாளு. நானே நிறுத்திட்டனுங்க. மறுக்கா ஒண்ணுல இருந்து எண்ணச் சொல்லுவீங்க, எண்ணிக்கலாம். அதுக்கு முன்னால ஒரு ஞாயம் கேக்கோணும்.”

“கேளுங்க அக்கா.”

“அதைச் செஞ்சவன் கஞ்சன் இல்லீங்க. சக்கரம் போனாப் போகுது, மோட்டார் பொழைக்கட்டும்னு வேணும்னேதான் ஃபைபர்ல வெச்சிருக்கறான்.”

“சரி.”

“என்னங்க சரி? இளைச்சது ஒண்ணு உடைஞ்சு உடைஞ்சு எல்லாரையும் காப்பாத்தோணும். திணிக்கறவங்க பாட்டுக்குத் திணிச்சுக்கிட்டே இருக்கோணும். இதுதான் நீங்க சொல்ல வந்த ஞானம்னா, அந்தச் சக்கரம் நாந்தான்னா, இப்பவே பெட்டியக் கட்டறனுங்க. இந்த உபதேசத்தை ஊர்ல பொறந்ததுல இருந்து கேட்டாச்சு.”

சாமி அவளைத் தாண்டி எட்டிப் பார்த்தார். துவைக்கிற கல்லைச் சுற்றிப் பதினாலு பேர். அமிர்தலிங்கம் இடுப்பில் வேட்டியைச் செருகிக்கொண்டு ஜமுக்காளத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். யாரோ அவர்மேல் ஒரு செம்புத் தண்ணீரை வேண்டுமென்றே ஊற்ற, சிரிப்புச் சத்தம் மேலே வந்தது.

“இன்னிக்கு மெஷினை நிறுத்தினது யாரு?”

“நாந்தானுங்க.”

“உடைஞ்சீங்களா அக்கா?”

தில்லைநாயகி வாயைத் திறந்தாள்.

ஐம்பத்தொரு வருஷத்தில் அவள் வாயில் பதில் இல்லாமல் போனது இதுவே முதல் தடவை. தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஈரமாக இருந்தன. முழுசாக இருந்தன.

மெல்லச் சிரிப்பு வந்தது.

சாமி எழுந்து, அவள் உள்ளே போக வாசலை விட்டு நகர்ந்தார்.

“ஜமுக்காளம் காயலீங்களே சாமி.”

“தரை இருக்கு.”