டேப் ஒட்டிய டயர்

ஒரு நிமிட ஸ்பிரின்ட் பந்தயத்துக்கு, என் குட்டி ஸ்போர்ட்ஸ் காரில் கெட்டி ரப்பர் டயர் மாட்டி மூன்று முறை கடைசியாக வந்த மேதை நான்தான்.

“லேசான வண்டி சார். இந்த டயர் சூடேறி ரோட்டைப் பிடிக்கறதுக்குள்ள பந்தயமே முடிஞ்சிடும்” என்றாள் மெக்கானிக் தில்லைக்கரசி.

“நான் வாங்கின டயர்தான் ஓடணும். ஜெயிக்கவும் வேணும்!” என்று அதட்டினேன்.

மறுநாள் பந்தயத்துக்கு முன் காற்றைக் குறைத்து, டயரின் பெயர்மேல் டேப் ஒட்டியிருந்தாள்.

“உங்க ரகசியம் வெளியே தெரியக்கூடாதில்ல சார்?”

எனக்கு உச்சி குளிர்ந்தது. ஜெயித்தேன். “பாத்தீங்களா என் டயரை!” என்று ஊருக்கே கேட்கக் கத்தினேன்.

அவள் டேப்பை உரித்தாள். “உங்க டயர்தான் சார். மெத்துமெத்துன்னு இருக்குன்னு போன மாசம் தூக்கி எறிஞ்சீங்களே, அது.”

பரிசு மேடையில் அவளையும் பேசச் சொன்னார்கள். நல்லவேளை, மறுத்துவிட்டாள்.