சொல்லாமல் திரும்பிய விமானம்

வானத்தில் வேலி ஏது என்று கேட்பவர்கள் விமானம் ஓட்டியதில்லை. கிழக்குக் கடற்கரையில் பீரங்கிப் பயிற்சித் திடல் ஒன்று இருந்தது. காலை ஒன்பது முதல் பதினொன்று வரை அதன் மேலுள்ள வானத்தை மூடிவிடுவார்கள். குண்டுக்கு ஆள் தெரியாதல்லவா?

அருமைநாதன் சொந்தமாகச் சிறு விமானம் வைத்திருந்தவர். ஒருநாள் பத்து மணிக்கு, மனைவி லில்லியோடு திடலின் ஓரமாக வடக்கே பறந்துகொண்டிருந்தார். எதிரே இடிமேகம் கறுத்து எழுந்தது. இடப்பக்கம் மலை. வந்த வழியையும் மழை அடைத்துவிட்டது. வலப்பக்கம் மட்டும் வெளிச்சம். அதுதான் மூடிய வானம்.

வானொலியில் கேட்டார்: "திடலுக்கு மேலே குறுக்கே போகலாமா?"

கட்டுப்பாட்டு அறையில் மெகருன்னிசா இருந்தார். அவர் திரையில் விமானம் ஒரு புள்ளி. மேகம் அதில் தெரியாது. "திடலில் கேட்டுச் சொல்கிறேன். அதுவரை நுழையாமல் காத்திருங்கள்" என்றார். கட்டளையை விமானி திருப்பிச் சொல்லவேண்டும் என்பது வழக்கம். "நுழையாமல் காத்திருக்கிறேன்" என்றார் அருமைநாதன்.

விமானம் தூக்கிப் போட்டது. லில்லி இருக்கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"ஏங்க, மேகம் இருக்குன்னு அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"சொன்னா மட்டும் விட்டுருவாங்களா? கூடாதும்பாங்க."

வாய் திறக்காமல் வலப்பக்கம் திருப்பினார்.

மெகருன்னிசா அப்போது திடல் அதிகாரியோடு தொலைபேசியில் இருந்தார். அடுத்த குண்டுக்கு நாற்பது வினாடி என்று அதிகாரி சொல்லி முடிக்கவில்லை, திரையில் புள்ளி வளைந்தது. மெகருன்னிசாவுக்கு மேலதிகாரியைக் கேட்க நேரமில்லை. "சுடாதீங்க! மேல ஆள் இருக்கு!" என்று கத்தினார். பீரங்கி நின்றது. இருவரும் பிழைத்தார்கள்.

விசாரணையில் அருமைநாதன் கொதித்தார்: "உயிர் போகும்போது வேலி பார்க்கமுடியுமா? திரும்பாவிட்டால் இடிமேகத்தில் சிக்கியிருப்போம்."

"காத்திருக்கிறேன் என்று சொன்னது அவர்தானே?" என்றார் மெகருன்னிசா.

இரண்டுமே பொய்யில்லை. அப்படியானால் இவர்களில் யார் செய்தது சரி? தவறு எந்த இடத்தில் நடந்தது?

விடை: மெகருன்னிசா செய்தது சரி. அருமைநாதன் திரும்பியதும் சரிதான். உயிருக்கு ஆபத்தென்றால் விமானி யாரையும் கேட்கவேண்டியதில்லை, சொன்னால் போதும். "ஆபத்து, எதிரே இடிமேகம், வலப்பக்கம் திரும்புகிறேன்." மூன்று வினாடி வேலை. அதைச் சொல்லியிருந்தால் அவர் நுழையுமுன்பே பீரங்கியை நிறுத்தியிருப்பார்கள். அனுமதி கிடைக்காதென்று பயந்தவர் தகவலையும் சேர்த்து விழுங்கிவிட்டார். அந்த மௌனத்துக்காகத்தான் ஆறு மாதம் அவருடைய உரிமத்தை நிறுத்திவைத்தார்கள்.

"நான் அப்பவே கேட்டேனே" என்றார் லில்லி. அதற்கும் அருமைநாதன் வாய் திறக்கவில்லை.