ரேடியேட்டர் மூடி

ரெஜினாவிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தபோது நாகஜோதிக்கு ஐம்பது வயது முடிந்திருந்தது. ரெஜினா அவளைவிட ரொம்பவும் இளையவள். ஆனாலும் நாகஜோதி அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டாள். ரெஜினா அவளை அக்கா என்றாள்.

நாகஜோதியின் கணவர் சின்ராசு நாமக்கல்லில் வாடகைக் கார் ஓட்டியவர். ஒரு கோடையில் மலைப்பாதையில் வண்டி கொதித்து நின்றுவிட்டது. சவாரி வந்தவர்கள் அவசரப்படுத்தினார்கள். அவர் ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். உள்ளே அடைபட்டிருந்த கொதிநீர் சீறி முகத்தில் அடித்தது. ஆள் பிழைத்துக்கொண்டார். வலது கண் போய்விட்டது.

அதற்குப் பிறகு கார் வீட்டு வாசலிலேயே நின்றது. அதை விற்கவும் அவருக்கு மனம் வரவில்லை, தொடவும் மனம் வரவில்லை.

"நான் ஓட்டறேன்" என்று நாகஜோதி ஒருநாள் சொன்னாள். சின்ராசு உள்ளே போய்ச் சாவியை எடுத்துவந்து அவள் கையில் வைத்தார்.

அவள் சீக்கிரம் கற்றுக்கொண்டாள். சந்தை நாளில்கூடக் கூட்டத்துக்குள் வண்டியை நிதானமாகக் கொண்டுபோனாள். ஒன்றே ஒன்றுதான் அவளால் முடியவில்லை. ரெஜினா பானட்டைத் தூக்கினால் அவள் தள்ளிப் போய் நின்றுகொள்வாள்.

"காலையில எஞ்சின் ஆறிக் கிடக்கும்போதே கூலண்ட் தண்ணி பாத்துடணும் அக்கா. இந்த டப்பாவுல ரெண்டு கோடு இருக்கு பாருங்க. ரெண்டுக்கும் நடுவுல நிக்கணும்."

"நீங்களே பாருங்க டீச்சர். இந்தப் பயம் போகட்டும், அப்புறம் நான் தொடறேன்."

"சரிங்க அக்கா" என்றாள் ரெஜினா. அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

லைசென்ஸ் வந்தபின் மலை ஏறிப் பழக வேண்டும் என்று இருவரும் சின்ராசின் காரிலேயே கொல்லிமலைக்குக் கிளம்பினார்கள். கிளம்பும்போது ரெஜினா பார்த்தாள், கூலண்ட் சரியாகத்தான் இருந்தது.

பாதி மலை ஏறியதும் நாகஜோதி சொன்னாள்: "டீச்சர், சூட்டு முள் மேல போகுது."

"என்ன செய்யப்போறீங்க?"

நாகஜோதி ஏசியை அணைத்தாள். வளைவு தாண்டி அகலமான இடம் பார்த்து ஓரம்கட்டி எஞ்சினை நிறுத்தினாள். முன்பக்கத்திலிருந்து ஆவி வருவதைக் கண்டதும் இறங்கி, சாலைக்கு அந்தப் பக்கம் போய்த் தடுப்புச் சுவரை ஒட்டி நின்றாள்.

ரெஜினா பின்சக்கரத்துக்குக் கல் வைத்தாள். ஆவி அடங்கும்வரை பொறுத்திருந்து பானட்டைத் தூக்கி நிறுத்தினாள். எதையும் தொடவில்லை. டிபன் டப்பாவை எடுத்துவந்து மரநிழலில் உட்கார்ந்து எலுமிச்சைச் சோறு சாப்பிட ஆரம்பித்தாள்.

நாகஜோதி அங்கிருந்தபடியே கேட்டாள்: "உங்களுக்குப் பயமா இல்லையா டீச்சர்?"

"இருக்குங்க. அதனாலதான் உக்காந்து சாப்பிடறேன்."

மேலேயிருந்து அன்னாசி ஏற்றிய மினி லாரி ஒன்று வந்து நின்றது. ஓட்டிவந்தவன் முப்பது வயதுக்காரன். நல்லவன்தான், கேட்காமலே உதவிக்கு இறங்கினான்.

"கொதிச்சிருச்சுங்களா? இது ஒண்ணுமில்லீங்க. மூடியைத் திறந்து ரெண்டு பாட்டில் பச்சத்தண்ணி ஊத்துனா ஓடிரும்."

தோளில் கிடந்த துண்டை உருவி மடித்துக்கொண்டே காருக்கு முன்னால் போனான். ரேடியேட்டர் மேல் குனிந்தான்.

ரெஜினா டப்பாவைக் கீழே வைத்து எழுவதற்குள் நாகஜோதி சாலையைக் கடந்து வந்திருந்தாள். அவன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"தொடாதீங்க தம்பி."

"துண்டு போட்டுத்தானுங்க திறக்கறேன்."

"எங்க வீட்டுக்காரரும் துண்டு போட்டுத்தான் திறந்தாரு. அவரும் உங்களை மாதிரி குனிஞ்சுதான் நின்னாரு." அவள் குரல் தாழ்ந்தது. "இப்ப ஒரு கண்ணுலதான் பாக்கறாரு."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். மெல்லப் பின்வாங்கினான்.

"சூடா இருக்கறப்ப பச்சத்தண்ணி ஊத்தினா எஞ்சினே வெடிப்பு விட்டுரும்" என்றாள் நாகஜோதி. அது ரெஜினா எப்போதோ சொன்னது. "ஆறட்டும். உக்காருங்க."

அவனுக்குப் போக மனமில்லை. லாரியிலிருந்து ஒரு அன்னாசியை எடுத்துவந்து சீவினான். மூவரும் நிழலில் உட்கார்ந்து தின்றார்கள். அவன் மனைவிக்கு இது ஏழாம் மாதம் என்று சொன்னான். ஆணோ பெண்ணோ, மலைப்பாதையில் மட்டும் வண்டி ஓட்ட விடமாட்டானாம். நாகஜோதிக்குச் சிரிப்பு வந்தது.

வெகுநேரம் கழித்து ரெஜினா சொன்னாள்: "அந்த மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்க அக்கா."

நாகஜோதி எழுந்து போனாள். புறங்கையை முதலில் கிட்டே கொண்டுபோனாள். பிறகு ரப்பர்க் குழாயை விரலால் அழுத்தினாள்.

"இன்னும் சூடா, கெட்டியா இருக்கு டீச்சர்."

"அப்ப இன்னொரு துண்டு அன்னாசி சாப்பிடலாம்."

மறுபடி போய்ப் பார்த்தபோது குழாய் ஆறி, அழுத்தினால் அமுங்கியது. ரெஜினா எழவில்லை. நாகஜோதி திரும்பி அவளைப் பார்த்தாள். ரெஜினா வாட்டர் பாட்டிலைத் திறந்து கை கழுவிக்கொண்டிருந்தாள்.

நாகஜோதி கெட்டித் துணியை நாலாக மடித்து மூடிமேல் போட்டாள். முகத்தைத் தூர விலக்கிக்கொண்டாள். மூடியைக் கொஞ்சம் மட்டும் திருகி நிறுத்தினாள். லேசாக ஒரு மூச்சு வந்து அடங்கியது. அது முழுக்க அடங்கிய பிறகே மிச்சத்தையும் திருகி எடுத்தாள்.

உள்ளே தண்ணீர் வெகுவாக இறங்கியிருந்தது. கீழ் ஹோஸின் கிளிப் தளர்ந்து ஒழுகிய தடம் தெரிந்தது. லாரிக்காரன் ஸ்க்ரூடிரைவர் கொடுத்தான், அவளே முடுக்கினாள். டிக்கியில் இருந்த கூலண்டை ரேடியேட்டரில் நிதானமாக ஊற்றி மூடினாள். கூலண்ட் டப்பாவிலும் மேல்கோடு வரைக்கும் ஊற்றி நிறுத்தினாள். எஞ்சினை ஓடவிட்டு, ஒழுக்கு இல்லை என்று குனிந்து பார்த்தாள். முள் நடுவில் நின்றது.

லாரிக்காரன் இன்னொரு அன்னாசியைப் பின்சீட்டில் வைத்துவிட்டுப் போனான்.

மேலே செம்மேட்டில் டீக்கடை ஓரம் வண்டியை நிறுத்தியதும் நாகஜோதி வீட்டுக்குப் போன் செய்தாள். நடந்ததைச் சொன்னாள்.

"ஆற விட்டியா?" என்று மறுமுனையில் சின்ராசு கேட்டார்.

"நல்லா ஆற விட்டேனுங்க."

"சரி, இறங்கறப்ப ரெண்டாவது கியர்லயே வா. சாயங்காலம் நான் ஒருதடவை அந்தக் கிளிப்பைப் பாக்கறேன்."

அவள் போனை மடியில் வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பானட்டுகிட்ட வர்றேன்னு சொல்றாரு டீச்சர்."

"நல்லதுதானே."

"ஆனா எனக்கு மூடியைத் திருகறப்பக்கூடப் பயமாத்தான் இருந்துச்சு. திறந்த பிறகும் இருந்துச்சு. இந்தப் பயம் எப்பத்தான் போகும்?"

ரெஜினா டீயை ஊதிக் குடித்தாள்.

"அது போன வாரமே போயிருந்தா, அந்தத் தம்பியை இன்னிக்கு யாரு அக்கா கையைப் புடிச்சு நிறுத்தியிருப்பாங்க?"