சேற்றுக் குளியலுக்கு யாரும் வராதது ஏன்?

காட்டுக் குளம் தூர்ந்து போயிருந்தது. மழைக்கு முன் அதை ஆழப்படுத்தியாக வேண்டும். பன்றிகள் மண்ணைக் கிளறின. கடமான்கள் அதைக் கரைக்குத் தள்ளின. கரடிதான் தலைமை. தூர் வாரியவர்களுக்கே கோடையில் தண்ணீர் என்பது அங்கே சட்டம்.

மாலையானால் புதர் மறைவில் ஒரே முனகல்! "ஐயோ, இடுப்பு!" "அம்மா, என் கால்!"

கரடிக்கு மனம் கேட்கவில்லை. "நாளை முதல் காலையில் எல்லாருக்கும் மூலிகைச் சேற்றுக் குளியல்! வலியெல்லாம் பறந்துவிடும். நாரை வைத்தியர் கூடவே நிற்பார்!" என்று அறிவித்தது.

மறுநாள் ஒருவரும் வரவில்லை. சேற்றில் ஒரு தவளை மட்டும் சுகமாக உட்கார்ந்திருந்தது.

"சோம்பேறிகள்! தின்ன ஏதாவது கொடுத்துப் பாருங்கள், ஓடி வருவார்கள்" என்றது யோசனை சொல்லும் நரி.

வள்ளிக்கிழங்கு தருவதாக அறிவித்தார்கள். எல்லாரும் வந்தார்கள். ஆளுக்கொரு கிழங்கைக் கவ்விக்கொண்டு, ஒரு காலைச் சேற்றில் தொட்டு எடுத்துவிட்டுப் போயே போய்விட்டார்கள்!

"நன்றி கெட்ட கூட்டம்! வராதவர் பெயரைக் காக்கையை விட்டுக் கத்தச் சொல்லுங்கள்!" என்றது நரி.

காக்கை கத்தியது. எல்லாரும் வந்து கரையில் வரிசையாக நின்றார்கள். இறங்கத்தான் ஆளில்லை.

குளத்தில் வேர்களைக் கடித்து அறுக்கும் கீரிக்கு மண்டை குடைந்தது. வலி பொய்யில்லை. சேறும் நல்ல சேறு. பிறகு ஏன்? அது மெல்லப் பன்றியின் பக்கம் போனது.

"மாமா, உங்கள் கால் ஏன் இப்படி வீங்கியிருக்கிறது?"

"உஷ்! மெதுவாப் பேசு தாயி! நாரை கண்ணு எங்கே இருக்குன்னு பாரு."

கீரி பார்த்தது. நாரை ஒவ்வொருவர் காலாக உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது.

"போன வருஷம் முயல் நொண்டுறதைப் பார்த்துக் கரடியார்கிட்டச் சொன்னது இந்த நாரைதான். அவரும் 'பாவம், ஓய்வெடு'ன்னு அனுப்பினார். கோடையிலே முயல் தண்ணிக்கு வந்தப்போ, 'நீ எங்கே தூர் வாரினே?'ன்னு நரி விரட்டிடுச்சு. எனக்கு ஒரு கூட்டம் குட்டிங்க இருக்கு. அதுங்க தண்ணிக்கு எங்கே போகும்?"

கீரிக்கு வால் சிலிர்த்துக்கொண்டது. நேரே கரடியிடம் ஓடியது. கரடி ஒரு மரத்தில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் நரி.

"கரடியாரே! நாரையை எதற்கு அங்கே நிறுத்தினீர்கள்?"

"எல்லாருடைய நல்லதுக்கும்தான்!"

"முயலுக்கு நடந்த நல்லதை எல்லாரும் பார்த்துவிட்டார்கள்!"

"யார் அப்படிச் சொன்னது? பெயரைச் சொல்!" என்று பாய்ந்தது நரி.

"நீர் சும்மா இரும்! பெயர் கேட்டுக் கேட்டுத்தானே இந்தக் கதி? உம்முடைய யோசனையால் கிழங்கு போனதுதான் மிச்சம்!" கீரி கரடியின் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தியது. "உங்களுக்கும் முதுகு வலியா?"

"ரொம்ப நாளாய்" என்று முணுமுணுத்தது கரடி.

"பிறகு நீங்கள் ஏன் சேற்றில் இறங்கவில்லை?"

கரடி நரியை ஓரக்கண்ணால் பார்த்தது. குனிந்து கீரியின் காதில் சொன்னது: "எனக்கே வலி என்று தெரிந்தால் என் இடத்தைப் பிடிக்க ஆள் காத்திருக்கிறதே!"

"கரையில் நிற்கிறவர்களுக்கும் அதே பயம்தான்!"

கரடி கரைப் பக்கம் திரும்பிப் பார்த்தது.

மறுநாள் காலை அது எல்லார் முன்பும் வந்து நின்றது. "வலியால் வேலை செய்ய முடியாதவருக்கும் தண்ணீரில் பங்கு உண்டு! முயலைத் தேடி அழைத்து வாருங்கள்!" சொல்லிவிட்டுச் சேற்றில் தொப்பென்று விழுந்தது. "அப்பாடா! என் முதுகே!"

தவளை தெறித்து ஓடியது.

முதலில் பன்றிதான் வந்தது. நொண்டலை மறைக்காமல் வந்தது. நாரைக்கு நேராகக் காலை நீட்டியது. நாரை தன் நீண்ட அலகை நுழைத்து, புரையோடிய கருவேல முள்ளை உருவி எடுத்தது.

"இதைப் போய் மறைத்தீரே!"

"மறைக்காம? உம்ம வாயிலே நானா வந்து மாட்ட, நான் என்ன மீனா?"

நாரை தலைகுனிந்தது. கரை காலியானது, சேற்றில் இடம் போதவில்லை. நரி மட்டும் கிழங்குக் குவியலோடு நின்றது. கேட்க ஆளில்லை.

வலியைச் சொன்னால் பிழைப்புப் போய்விடும் என்ற பயம் இருக்கும்வரை, மருந்தோடு பரிசும் சேர்த்துக் கொடுத்தாலும் யாரும் அதைத் தொட மாட்டார்கள்.