ஏழாம் அறைக்குப் போகாத சிக்னல்

"ஏழாம் ரூமுக்கு வைஃபை போவமாட்டேங்கு, அம்மா," என்றார் ஆவுடையப்பன்.

தவமணி அம்மா கஞ்சிக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

"முப்பது வருஷம் டெலிபோன்ல லைன்மேனா இருந்தவரு நீங்க. எங்கிட்ட வந்து சொல்லுதீங்க."

"அது கம்பி. கம்பி போன எடத்துக்குப் பேச்சும் போவும். இது என்னன்னே பிடிபடல."

மலையடிவாரத்தில் இருக்கிறது அந்த மடம். இனிப் பிழைக்க மாட்டார்கள் என்று ஆஸ்பத்திரி கைவிட்டவர்கள் கடைசி நாட்களைக் கழிக்க வரும் இடம். வரிசையாக ஏழு அறைகள், கருங்கல் சுவர். ஒவ்வொரு சுவரும் இரண்டு முழம் தடிமன்.

சுவரில் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது என்று, கட்டிய புண்ணியவான் பத்திரத்தில் எழுதி வைத்துவிட்டு நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தார். அறைக்கு ஒரு பிளக் வைப்பதற்கே அவருடைய வாரிசுகளின் காலில் விழ வேண்டியிருந்தது. வயர் இழுக்கிற பேச்சே கிடையாது. செல்போன் கோபுரமோ மலைக்கு அந்தப் பக்கம் யாருக்காகவோ நின்றுகொண்டிருக்கிறது.

தவமணி அம்மாவுக்கு வயது நாற்பத்திரண்டு. நர்ஸாக இருந்து, துறவு பூண்டு, இந்த மடத்தை நடத்துகிறவர்.

ஆவுடையப்பனுக்கு அறுபத்து மூன்று. ஒன்பது மாதம் முன்பு மனைவி பகவதியை இங்கே கொண்டுவந்தார். பகவதி போய்விட்டாள். இவர் போகவில்லை. துக்கம் அடங்க ஒரு வழி சொல்லுங்கள் என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா வழி எதுவும் சொல்லவில்லை. எல்லா அறைக்கும் கஞ்சி கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார். அன்றைக்குச் சீடரானவர்தான்.

ஏழாம் அறையில் உலகம்மாள் கிடந்தாள். அவளுடைய ஒரே மகள் செண்பகம் மஸ்கட்டில் வீட்டு வேலை பார்க்கிறாள். பாஸ்போர்ட் முதலாளி கையில். வர வழியில்லை.

"எம் புள்ள மொகத்த ஒருக்கா காட்டிருங்க." மூன்று நாளாக உலகம்மாளுக்கு இந்த ஒரே பேச்சு. காலையில் வந்த டாக்டர், இன்றைக்குப் பொழுது தாண்டாது என்று சொல்லிவிட்டுப் போனார். கட்டிலை நகர்த்தினால் வலியில் துடித்துப் போகிறாள். சிக்னலைத்தான் அவளிடம் கொண்டுபோக வேண்டும். அது ஆபீஸ் அறையில் கிளம்பி, நாலாம் அறை தாண்டினால் தேய்ந்து செத்துப் போகிறது.

"தென்காசில ஒரு ரிப்பீட்டர் வாங்கியாந்தேன்," என்றார் ஆவுடையப்பன். "பிளக்குல சொருவுனா போதும். வார சிக்னல வாங்கி மறுபடி அனுப்புமாம். அதுவும் வேல செய்யல."

"எங்க வச்சீங்க?"

"உலகம்மா தலமாட்டுல."

"ஏன் அங்க?"

"அங்கதான சிக்னல் இல்ல? எங்க இருட்டோ அங்கதான வெளக்கு வைக்கணும்."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். "வாங்க."

உலகம்மாளின் தலைமாட்டில் அந்த வெள்ளைப் பெட்டி மினுக்கிக்கொண்டிருந்தது. அம்மாவின் செல்போனில் சிக்னல் கோடுகள் முழுசாக நின்றன. செண்பகத்தைக் கூப்பிட்டால் மட்டும் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

உலகம்மாள் கண்ணை இடுக்கி அந்த வட்டத்தைப் பார்த்தாள்.

"இதா எம் புள்ள?"

ஆவுடையப்பன் அவள் பக்கத்தில் குனிந்தார். "இன்னும் வரலத்தா. வந்துரும்."

அம்மா வெளியே போனார். சமையல்கட்டு வரைக்கும் நடந்து போய்விட்டு வந்தார்.

"நான் அங்க நின்னு ஒண்ணு சொன்னேன். அத உலகம்மாகிட்ட சொல்லுங்க."

"எனக்குக் கேக்கலியே."

"பரவால்ல, சொல்லுங்க."

"கேக்காதத எப்பிடிம்மா சொல்ல?"

அம்மா அந்த வெள்ளைப் பெட்டியைப் பார்த்தார். ஆவுடையப்பனும் பார்த்தார். அவர் முகம் சுருங்கிப் போயிற்று. அதைப் பிடுங்கிக்கொண்டு வெளியே போனார்.

கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார்.

"ஆறுல வச்சேன். அதுக்கே ஒண்ணும் எட்டல. நாலுல வச்சேன். நல்லா வாங்குது, ஆனா ஆறத் தாண்டி அனுப்பமாட்டேங்கு. வராண்டால வைக்கலாம்னா சாரல் அடிக்கி."

"ஏழு, ஆறு, நாலு," என்றார் அம்மா. "எண்ண மறந்துட்டீங்களா?"

ஆவுடையப்பன் சட்டைப்பையைத் தடவினார்.

ஐந்தாம் அறையில்தான் பகவதி இறந்தாள்.

மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஓர் அறையில் ஒருவர் இறந்தால், அவருக்கு உரியவர்தான் அதைத் திறந்து கழுவிவிட வேண்டும். அதுவரைக்கும் பூட்டு. சாவி உரியவரிடம் இருக்கும். பெரும்பாலும் மூன்றாம் நாளே கழுவிவிட்டு, சாவியைக் கொடுத்துவிட்டு, அழுதுகொண்டே பஸ் ஏறிவிடுவார்கள். ஆவுடையப்பன் எட்டு மாதமாகச் சட்டைப்பையில் சாவியைப் போட்டுக்கொண்டு திரிந்தார். அந்த எட்டு மாதத்தில் ஏழெட்டுப் பேரை இடமில்லை என்று வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். கேட்டைத் திறந்துவிட்டு வழியனுப்பியது இவர்தான். ஒவ்வொரு தடவையும் வெட்கத்தில் தலை கவிழும். கை மட்டும் பைக்குள் போகாது.

"வேற வழி ஏதாவது பாப்போம்மா."

"பாருங்க," என்றார் அம்மா. ஏழாம் அறை வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார். சாவியைப் பற்றி அன்றைக்கும் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

உள்ளே உலகம்மாள், "செம்பவம்" என்றாள். கூப்பிடுவதுபோல் இல்லை. மகள் பேர் மறந்துவிடாமல் சொல்லிப் பார்த்துக்கொள்வதுபோல் இருந்தது.

ஆவுடையப்பன் ஐந்தாம் அறைக்குப் போனார்.

பூட்டு துருப்பிடித்துக் கிடந்தது. மல்லுக்கட்டித் திறந்தார். பகவதியின் போர்வை மடித்தபடி இருந்தது. ஜன்னலில் சீப்பு, அதில் நாலு நரைமுடி. அவர் அந்தப் பக்கம் பார்க்காமல் நேராகப் பிளக்குக்குப் போனார். பெட்டியைச் செருகினார். விளக்கு எரிந்தது, உடனே அணைந்தது. பிளக் லொடலொடவென்று ஆடியது. கையால் அழுத்தினால் எரிகிறது, விட்டால் அணைகிறது.

வேறு வழியில்லை. பகவதியின் கட்டிலிலேயே உட்கார்ந்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். சிவப்பாக எரிந்தது பச்சையானது.

அம்மா மறுபடி கூப்பிட்டிருக்க வேண்டும். இரண்டு சுவர் தாண்டி, வராண்டா வழியாக ஒரு பெண்குரல் வந்தது.

"எம்மா. எம்மோ. தெரியுதாம்மா?"

பிறகு உலகம்மாள் சிரிக்கும் சத்தம். மூன்று நாளில் முதல் சிரிப்பு.

அவர் அழுதார். துடைத்துக்கொள்ளக் கை சும்மா இருந்தும் துடைக்கவில்லை.

செண்பகம் பேசிக்கொண்டே இருந்தாள். தாய் வைக்கும் புளிக்குழம்பைப் பற்றி, அரபு வீட்டுக் குழந்தைகளைப் பற்றி, ஒரு நாள் சண்டை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் கிளம்பியதைப் பற்றி. ஆவுடையப்பனுக்குத் தோள் கடுத்தது. சாரல் வலுத்து மழையாகிவிட்டது.

தவமணி அம்மா வந்து ஐந்தாம் அறை வாசலில் நின்றார்.

"போயிட்டாவ," என்றார் மெதுவாக.

"எப்ப?"

"கொஞ்ச நேரமாச்சி. மகள நல்லா பாத்தாவ."

செண்பகத்தின் குரல் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

"அந்தப் புள்ளைக்கித் தெரியாதா?"

"ஒறங்குதாவன்னு நெனச்சுப் பேசுது."

"சொல்லாண்டாமா?"

"மனசுல உள்ளதச் சொல்லி முடிக்கட்டும். பெறவு நான் சொல்லுதேன்."

ஆவுடையப்பனுக்குக் கோபம் வந்தது. அம்மாவிடம் அவர் கோபப்பட்டதே இல்லை.

"இது ஏமாத்து இல்லியா? உசிரு போன பெறவு பேசுனா யாருக்குப் போவும்? நான் எம் பகவதிகிட்ட பேசுனது அப்பிடியா? கையப் பிடிச்சுக்கிட்டு எல்லாத்தையும் சொன்னேன். அவள அடிச்சதுக்கு மன்னிப்புக் கேட்டேன். கண்ண மூடிக் கேட்டுக்கிட்டே இருந்தா. அத்தனையும் சொல்லி முடிச்சுட்டுத்தான் உங்களக் கூப்பிட்டேன். நீங்க உள்ள வந்து நாடியப் பிடிச்சுப் பாத்துட்டு, அப்பத்தான்…"

நிறுத்தினார்.

மழைச் சத்தத்துக்கு நடுவே செண்பகம் எதற்கோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கும் நீங்க சொல்லி முடிக்கட்டும்னு நான் இந்த வாசல்லதான் நின்னேன்," என்றார் தவமணி அம்மா.

ஆவுடையப்பன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இன்னொரு கையையும் கொண்டுவந்து பிளக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.