கத்தாமல் நின்ற ஆள்காட்டி

ஒரு காட்டின் தெற்கு ஓரத்தில், கோடையில் பாதி வற்றிய குட்டை ஒன்று இருந்தது. அன்று காலை அதன் கரையில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், குழந்தைகளே. ஆள்காட்டிக் குருவி செம்மூக்கி, அவள் கணவன் நெடுங்காலன், புதரடியில் தன் முட்டைகளோடு ஒரு கவுதாரி, புங்க மரத்தில் ஒரு குரங்கு. வெள்ளைக் கூழாங்கற்களை வட்டமாக அடுக்கிய ஆள்காட்டிக் கூட்டில் முட்டைகள் நான்கு.

காய்ந்த கோரைப் புல்லுக்குள் இரண்டு கீரிகளும் இருந்தார்கள், அண்ணனும் தம்பியும். அவர்கள் யார் கண்ணிலும் படவில்லை. அதனால் கரையில் இருந்த யாரும் அவர்களைக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஆள்காட்டிகள் மரத்தில் கூடு கட்டுவதில்லை, வெறுந்தரையில் முட்டையிடும். முட்டை சரளைக் கல்லைப் போலவே இருக்கும். பக்கத்தில் போய்ப் பார்த்தாலும் தெரியாது. ஆனால் யாராவது அந்தப் பக்கம் வந்துவிட்டால் ஆள்காட்டிக்கு வாய் சும்மா இருக்காது. வந்தவர் தலைக்கு மேலே பறந்து பறந்து கத்தும்.

தம்பிக் கீரிக்கு அது தெரியும். எங்கே போகிறோம் என்ற எண்ணமே இல்லாதவன் போல அவன் கரையில் நடந்தான். இடது பக்கம் போனான், கத்தல் குறைந்தது. வலது பக்கம் திரும்பினான்; கத்தல் கூடியது. அதே பக்கம் நடந்தான். செம்மூக்கியும் நெடுங்காலனும் அவன் காதை உரசிக்கொண்டு பறந்து அலறினார்கள்.

"வழி சொன்னதற்கு நன்றி, அக்கா" என்றான் தம்பி. குனிந்தான். காலடியில் வெள்ளைக் கல் வட்டம்.

ஒரு முட்டையைக் கவ்விக்கொண்டு ஓடினான்.

குட்டையின் மறு கரைக்குப் போனதும் அவன் நின்றான். முட்டையை வெட்டவெளியில் வைத்தான். அது உடையவில்லை. முழுசாக, வெயிலில் பளபளத்துக்கொண்டு இருந்தது.

"ஐயோ, கால் சுளுக்கிவிட்டதே" என்று தம்பி முனகினான். முட்டையை மூக்கால் உருட்டினான். நொண்டி நொண்டி அதன் பின்னால் போனான்.

"பார்த்தாயா? முட்டை முழுசாக இருக்கிறது!" என்றான் நெடுங்காலன். "வா, இரண்டு பேரும் போவோம். நொண்டிப் பயலை ஒரு கை பார்த்துவிடலாம்."

"போங்கள், போங்கள்" என்றது மரத்துக் குரங்கு. "ரொம்ப நாளாக இங்கே வேடிக்கையே இல்லை."

"நானாக இருந்தால் இந்நேரம் அவன் கண்ணைப் பிடுங்கியிருப்பேன்" என்றது கவுதாரி, புதரை விட்டு வெளியே வராமல்.

"அக்கா, வந்து எடுத்துக்கொண்டு போயேன்" என்று தம்பிக் கீரி கூப்பிட்டான். "என்னால் நடக்க முடியவில்லை."

நெடுங்காலன் கிளம்பிவிட்டான். செம்மூக்கியும் கிளம்பினாள். தண்ணீருக்கு மேலே வந்தபோது அவள் கண் கீரியின் காலில் விழுந்தது. சற்று முன்னே வலது காலைத் தூக்கி நொண்டினான். இப்போது இடது காலைத் தூக்கி நொண்டுகிறான்.

இது அவளுக்குத் தெரிந்த நடிப்பு. நரி வந்தால் அவளும் சிறகு ஒடிந்தவள் போல இழுத்து இழுத்து நடப்பாள். நரி அவள் பின்னால் வரும், கூட்டை விட்டு வெகுதூரம் போய்விடும்.

திருடியவன் ஓட வேண்டும். இவன் ஏன் நிற்கிறான்?

அவள் சட்டென்று திரும்பினாள்.

அண்ணன் கீரி கோரையை விட்டு வெளியே வந்திருந்தான். தரையோடு தரையாக ஊர்ந்து வெள்ளைக் கல் வட்டத்தை நெருங்கிக்கொண்டிருந்தான். செம்மூக்கி நேராக முட்டைகள் மேல் வந்து இறங்கினாள். இரண்டு சிறகையும் விரித்தாள். கத்தவில்லை. அவன் கண்ணையே பார்த்தாள்.

ஆள் இல்லாத கூடு என்று நினைத்து வந்தவன் அவன். கண்ணுக்கு நேரே கூரிய மூக்கைக் கண்டதும் ஓர் அடி பின்வாங்கினான். பிறகு இன்னோர் அடி. "காலையில் வேண்டாம் என்றால் சாயங்காலம் வருகிறோம். இரண்டு பேருமாக" என்று சொல்லிவிட்டுப் புல்லுக்குள் போனான்.

மறு கரையில் ஓடு நொறுங்கும் சத்தம் கேட்டது. செம்மூக்கி அந்தப் பக்கம் திரும்பவில்லை.

நெடுங்காலன் மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். "நம் பிள்ளையைத் தின்றுவிட்டான். நீ வந்திருந்தால் பிடுங்கியிருக்கலாம். இங்கே வந்து நிற்கிறாயே, உனக்கு மனசே இல்லையா?"

"மனசு இருக்கிறது. அதோடு மூன்று முட்டையும் இருக்கிறது" என்றாள் செம்மூக்கி. "நானும் உங்களோடு வந்திருந்தால் இப்போது ஒன்றும் இருக்காது. அண்ணன்காரன் இங்கே நின்றிருந்தான்."

நெடுங்காலன் கோரைப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"சாயங்காலம் வருவார்கள். அதற்குள் ஒன்றைச் சொல்லுங்கள். நம் கூட்டை அவன் எப்படிக் கண்டுபிடித்தான்?" என்றாள் செம்மூக்கி.

"மோப்பம் பிடித்திருப்பான்."

"இல்லை. காற்று அவன் முதுகுப் பக்கமிருந்து வீசியது. நாம் கத்தினோம், அவன் கேட்டுக்கொண்டே வந்தான். குனிந்தான், வெள்ளைக் கல்லைப் பார்த்தான். கத்தலும் கல்லும்தான் அவனுக்கு அடையாளம். அந்த இரண்டையும் இங்கிருந்து எடுத்துவிட வேண்டும்."

"முட்டையை எடுத்துக்கொண்டு போய்விடலாமே."

"நம் மூக்குக்கு முட்டை அடங்காது. கல் அடங்கும்."

பிறகு அவள் புதரடிக்குப் போனாள். "அண்ணி, கீரி ஒன்று இல்லை, இரண்டு. ஒருவன் நம்மைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டு போவான், மற்றவன் வந்து எடுப்பான். கோரைப் பக்கமிருந்து வருகிறார்கள். உங்கள் முட்டைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்."

"போனது உன் வீட்டில்தானே? என்னிடம் வரட்டும் பார்க்கலாம்" என்றது கவுதாரி. ஆனால் செம்மூக்கி நகர்ந்ததும் சருகை இழுத்து முட்டைகளை மூடியது.

ஒருவர் கல்லை எடுத்துப் பறந்தால் ஒருவர் முட்டைகள் மேல் நின்றார். இப்படி மாறி மாறி வெள்ளைக் கற்களையெல்லாம் மறு கரைக்குக் கொண்டுபோய் அங்கே வட்டமாக அடுக்கினார்கள். நடுவே மூன்று சரளைக் கற்களை உருட்டிவைத்தார்கள்.

"கற்களுக்கா காவல் இருக்கப் போகிறீர்கள்?" என்று குரங்கு சிரித்தது.

வெயில் சாய்ந்தது. காலையில் வீசிய அதே காற்று கோரையை அசைத்தது. கீரிகள் இருவரும் வந்தார்கள்.

நெடுங்காலன் மறு கரையில் கல் வட்டத்தின் மேல் உட்கார்ந்திருந்தான். செம்மூக்கி முட்டைகளை விட்டு விலகி, தண்ணீர் ஓரத்தில் புழுவைத் தேடுகிறவள் போல நின்றாள். முட்டைகள் மூன்றும் வெறும் சரளையில் மூடாமல் கிடந்தன.

கீரிகள் நேராக அங்கேதான் வந்தார்கள்.

"இங்கேதானே இருந்தது?" என்றான் அண்ணன்.

"இந்தப் பக்கம்தான். வெள்ளைக் கல்லைக் காணோமே" என்றான் தம்பி. அவன் முன்கால் ஒரு முட்டையின் பக்கத்தில் ஊன்றியிருந்தது.

செம்மூக்கியின் தொண்டைக்குள் கத்தல் முட்டிக்கொண்டு வந்தது. அவள் தண்ணீரில் மூக்கை ஆழ்த்திக்கொண்டாள்.

தம்பி அந்தக் காலைத் தூக்கி முட்டையைத் தாண்டி வைத்தான். "அண்ணா, இவளைப் பார். நாம் இவ்வளவு கிட்டே இருக்கிறோம், வாயே திறக்கவில்லை. கூடு இங்கே இருந்தால் சும்மா இருப்பாளா?"

"அதுதானே" என்றான் அண்ணன். "இவள் சும்மா இருந்து நான் பார்த்ததே இல்லை."

அப்போது மறு கரையில் நெடுங்காலன் கத்தினான். எழும்பினான், சுற்றினான், தலைகீழாகப் பாய்ந்தான், குட்டையே அதிரும்படி கத்தினான்.

"அங்கே மாற்றிவிட்டார்களடா!" என்று அண்ணன் ஓடினான். தம்பியும் ஓடினான். வெள்ளைக் கல் வட்டம் தூரத்திலிருந்தே தெரிந்தது. அண்ணன் முந்திக்கொண்டு ஒன்றைக் கவ்வி, தம்பிக்குக் கொடுக்காமல், ஒரே கடியாகக் கடித்தான்.

கடக் என்றது.

"என்ன அண்ணா, ஓடு கெட்டியாக இருக்கிறதா?"

அண்ணன் உடைந்த பல்லைத் துப்பினான். தம்பி மற்ற இரண்டையும் காலால் புரட்டிப் பார்த்தான். "எல்லாம் கல், அண்ணா."

"இந்தக் குட்டையில் இனி எனக்கு ஒன்றும் வேண்டாம்" என்று வாயைப் பொத்திக்கொண்டு அண்ணன் மேற்கே நடந்தான். தம்பி பின்னால் போனான். இந்த முறை தம்பி நொண்டவில்லை, இருவரும் வேகமாகவே போனார்கள்.

கோரை அசைவது நின்ற பிறகுதான் செம்மூக்கி முட்டைகளிடம் வந்தாள். மார்பால் தொட்டுப் பார்த்தாள். ஆறியிருந்தன, ஆனால் கெட்டுப்போகும் அளவுக்கு இல்லை. சிறகைத் தளர்த்தி அவற்றின் மேல் உட்கார்ந்தாள்.

மழை தொடங்கும் முன்பே எல்லாம் பொரிந்தன. குட்டைக் கரையில் நடக்கப் பழகிய குஞ்சுகள் மூன்று.

நீதி: பொருள் களவு போனால் திருடன் பின்னால் ஓடாதே, மீதி எவ்வளவு என்று பார், அவன் வந்த வழியை அடைத்துவிடு.