மூடி மேல் அம்மிக்குழவி

பவானி ஆற்றங்கரையில் ஒரு தியானக் குடில். அங்கே குரு, அமுதவல்லி அம்மா. தலையில் ஒரு நரை கிடையாது. அடுப்படியைப் பார்த்துக்கொண்ட சிஷ்யை மயிலாத்தாளுக்கோ தலை முழுக்கப் பஞ்சு. அதனால் ஊரே "அம்மா" என்று கும்பிடுகிற குருவை மயிலாத்தாள் மட்டும், இளையவளைக் கூப்பிடுகிற மாதிரி, "அம்மிணி" என்பாள். குரு அவளை "அக்கா" என்பார். அதில் இரண்டு பேருக்கும் ஒரு குறையும் இல்லை.

மயிலாத்தாளுக்கு இருந்தது ஒரே ஆசைதான். மௌன விரதம் இருக்க வேண்டும். அதைக் கேட்டுக் கேட்டே அவளுக்கு வாய் வலித்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மறுபடியும் கேட்டாள்.

"எதுக்குங்க அக்கா மௌனம்?" என்றார் குரு.

"மனசு ஓயாம இரையுதுங்க அம்மிணி. கண்ணை மூடினாப் போதும், உள்ள கிரைண்டர் ஓடுது. வாயைக் கட்டினாலாச்சும் நிக்குமான்னு பாக்கறேன்."

குரு கூடத்துப் பக்கம் காதைத் திருப்பினார்.

"அங்க என்ன சத்தம்?"

தியானக் கூடத்தில் பெரிய மீன் தொட்டி ஒன்று இருந்தது. ஊர் மாறிப்போன அன்பர் ஒருவர் விட்டுவிட்டுப் போனது. தொட்டிக்குக் கீழே அலமாரிக்குள் ஒரு பில்ட்டர். சின்ன வாளி அளவு, மேலே மூடி, மூடியைப் பிடிக்கக் கிளிப்புகள். ஒரு குழாய் அழுக்குத் தண்ணீரை உறிஞ்சிக் கீழே தரும். இன்னொரு குழாய் வடிகட்டின தண்ணீரை மேலே அனுப்பும். ஓடுவதே தெரியாமல் ஓடிக்கொண்டிருந்த சாமான்.

"அந்த பில்ட்டருங்க. முந்தாநாள் நாந்தான் கழுவி மாட்டினேன். அதுலேருந்து கர்ருபுர்ருங்குது. கொஞ்சம் ஒழுகவும் செய்யுது."

"அதைச் சரி பண்ணிட்டு வாங்க. அடுத்த வெள்ளிக்கிழமை மௌனம் தொடங்கிக்கலாம்."

மயிலாத்தாளுக்கு நம்பவே முடியவில்லை. "அவ்வளவுதானுங்களா? இப்பவே போயி சுவிட்சை அமத்திட்டு வந்தர்றேன்."

"மீன் சாகுமே."

"அட ஆமா."

"பில்ட்டர் ஓடோணும். சத்தம் நிக்கோணும்."

அப்போது நடையில் போன் அடித்தது. மயிலாத்தாள் அசையவில்லை. வெள்ளிக்கிழமை அந்த நேரத்துக்கு அடிப்பது யார் என்று அவளுக்குத் தெரியும்.

"உங்க தங்கச்சி," என்றார் குரு.

"தியானத்துல இருக்கறேன்னு சொல்லீருங்க அம்மிணி."

"பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"அப்ப அடிச்சு ஓயட்டும்."

அடித்து ஓய்ந்தது.

மயிலாத்தாள் சமையலுக்குப் பேர் போனவள். சுற்றுவட்டாரத்தில் அவள் கரண்டி பிடிக்காத கல்யாணம் கிடையாது. அப்படிப்பட்டவளின் கூடப் பிறந்த தங்கச்சி தெய்வாத்தாள், தன் மகள் கல்யாணத்துக்குச் சேலத்திலிருந்து வேறு சமையல்காரரை வைத்துவிட்டாள். சேதி காதுக்கு வந்ததும் மயிலாத்தாள் கல்யாணத்துக்கே போகவில்லை. அதற்கப்புறம் தங்கச்சியோடு ஒரு வார்த்தை பேசவும் இல்லை. நேரே குடிலுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்தவள்தான்.

சரி, பில்ட்டருக்கு வருவோம்.

மயிலாத்தாள் முதலில் கிளிப்புகளை அமுக்கி இறுக்கினாள். ஒழுகியது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் இறுக்கினாள். இன்னும் ஒழுகியது. ஆவி கசிகிற இட்லிக் குண்டானுக்கு என்ன செய்வோம்? மூடி மேல் கல்லை வைப்போம். அடுப்படிக்குப் போய் அம்மிக்குழவியைத் தூக்கிவந்து மூடி மேல் கிடத்தினாள். அப்படியும் ஒழுகியது. அடியில் கோணிச் சாக்கை மடித்துப் போட்டாள். சொட்டுவதைச் சாக்கு குடித்துக்கொண்டது.

சத்தம் மட்டும் நாளுக்கு நாள் ஏறியது. பழைய ஜமுக்காளத்தை எடுத்து, பிள்ளைத்தாய்ச்சிக்குக் குளிருக்குப் போர்த்துகிற மாதிரி, பில்ட்டரைச் சுற்றிப் போர்த்தினாள். அலமாரிக் கதவைச் சாத்தினாள். காதை வைத்துக் கேட்டாள். ஏதோ தூரத்தில் லாரி போகிற மாதிரி இருந்தது. அவ்வளவுதான்.

வியாழக்கிழமையே போய்ச் சொல்லிவிட்டாள். "முடிஞ்சுதுங்க அம்மிணி."

வெள்ளிக்கிழமை காலையில் மஞ்சள் தேய்த்துத் தலைக்குக் குளித்து, கோடிச் சேலை கட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். குரு தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"உக்காருங்க அக்கா."

உட்கார்ந்தாள். பழக்க தோஷம், கண்ணை மூடிக்கொண்டாள்.

"கண்ணைத் திறங்க."

திறந்தாள்.

"தொட்டியைப் பாருங்க."

பார்த்தாள். தினமும் இதற்கு முன்னால்தான் உட்காருகிறாள். ஆனால் எல்லாரும் உட்காருவது கண்ணை மூடிக்கொண்டு. தொட்டியில் தண்ணீர் எங்கேயோ இறங்கிக் கிடந்தது. மீன்கள் அடியில் கொத்தாக ஒண்டியிருந்தன. உறிஞ்சுகிற குழாயின் வாய் பாதி வெளியே நீட்டிக்கொண்டு, காலி டம்ளரில் இளநீர் உறிஞ்சுகிற பிள்ளை மாதிரி, சர்ர் சர்ர் என்று காற்றை இழுத்துக்கொண்டிருந்தது.

"அடக் கடவுளே! தண்ணி எங்கீங்க போச்சு?"

குரு அலமாரியைத் திறந்தார். ஜமுக்காளம். அதை எடுத்தார். அம்மிக்குழவி. அதைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இத ரெண்டு நாளாத் தேடறேன்னு சொன்னீங்களே."

"வெச்ச இடம் மறந்து போச்சுங்க," என்றாள் மயிலாத்தாள், சன்னமாக.

அடியில் இருந்த சாக்கைக் குரு தூக்கினார். தண்ணீர் ஊறி, எருமைக்கன்று கனம் கனத்தது.

சுவிட்சை அணைத்தார். குழாய்த் திருகுகளை மூடினார். கிளிப்புகளை நீக்கி மூடியைத் திறந்தார். மூடியின் விளிம்பில் குக்கருக்கு இருக்கிற மாதிரி ஒரு ரப்பர் வளையம். குருவின் ஆள்காட்டி விரல் அதன் மேல் மெல்லச் சுற்றி வந்தது. ஓரிடத்தில் நின்றது.

விரல் நுனியில் ஒரே ஒரு மணல்.

"கழுவும்போது மூடியை எங்க வெச்சீங்க?"

"ஆத்துப் படியிலதானுங்க. கவுத்து வெச்சேன்."

குரு மணலை அலமாரி ஓரத்தில் பத்திரமாக வைத்துவிட்டு வளையத்தைத் துடைத்தார். மூடியை வைத்து இரண்டு விரலால் கிளிப்பை அழுத்தினார். டக் என்று உட்கார்ந்தது. கிணற்றுத் தண்ணீரைக் குடம் குடமாக மயிலாத்தாளே கொண்டுவந்து தொட்டியை நிரப்பினாள். திருகுகளைத் திறந்து சுவிட்சைப் போட்டதும் பில்ட்டர் ஒருமுறை உறுமியது. குரு அதைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தார். உள்ளே தங்கியிருந்த காற்று குபுக் குபுக் என்று வெளியேறியது. பால் குடித்த பிள்ளை ஏப்பம் விட்ட மாதிரி.

அப்புறம் சத்தமே இல்லை.

மயிலாத்தாள் அடியில் கையை வைத்துப் பார்த்தாள். உலர்ந்திருந்தது. மீன்கள் ஒவ்வொன்றாக மேலே வந்தன.

"இந்த ஒத்தை மணலுக்கா இத்தனை கூத்து?"

"மணலால ஒழுகுச்சு. ஒழுகித் தண்ணி குறைஞ்சுது. தண்ணி குறைஞ்சதும் காத்தை இழுத்துது."

"நான் எத்தனை இறுக்கு இறுக்கினேன் தெரியுங்களா?"

"தெரியுது. கிளிப்பு வளைஞ்சிருக்கு."

மயிலாத்தாள் கிளிப்பைத் தடவிப் பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள். "இப்ப மௌனம் தொடங்கலாமுங்களா அம்மிணி?"

நடையில் போன் அடித்தது.

குரு எழுந்திருக்கவில்லை. மயிலாத்தாளின் கையைப் பிடித்து விரித்தார். எடுத்து வைத்திருந்த மணலை உள்ளங்கையில் வைத்தார்.

"தங்கச்சிகிட்ட ஏன்னு கேட்டீங்களா அக்கா?"

"எதைங்க?"

"வேற ஆளை ஏன் வெச்சாங்கன்னு."

"கேக்கறதுக்கு என்னங்க இருக்குது? எம்பட கைப்பக்குவம் அவளுக்கு எளப்பமாப் போச்சு."

"கேட்டீங்களா?"

போன் அடித்துக்கொண்டே இருந்தது. மயிலாத்தாள் உள்ளங்கையை மூடினாள். எழுந்து நடைக்குப் போனாள். போனை எடுத்தாள். நலம் விசாரிக்கவெல்லாம் நிற்கவில்லை.

"ஏண்டி, ஊருக்கே ஆக்கிப் போட்டவ நானு. உன்ற மக கண்ணாலத்துக்கு எதுக்குடி சேலத்து ஆளை வெச்சே?"

அந்தப் பக்கம் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. அப்புறம் தெய்வாத்தாளின் குரல்.

"அக்கா... எல்லா வீட்டு விசேசத்துலயும் நீ அடுப்புகிட்டயே வெந்து நின்னே. எம்பட வீட்டுலயாச்சும் பந்தியில உக்காந்து திங்கோணும்னுதான் அக்கா. மொதப் பந்தியில உனக்கு எலை போட்டு வெச்சிருந்தேன். யாரையும் உக்கார விடல. நீ வரவே இல்லயே."

மயிலாத்தாள் போனைப் பிடித்தபடி நின்றாள். வாய் திறந்திருந்தது. சொல் வரவில்லை.

"அக்கா? இருக்கறயா? அக்கா?"

கூடத்திலிருந்து குரு சொன்னார்:

"மௌனம் நாளைக்கு இருந்துக்கலாம் அக்கா. இப்பப் பேசுங்க."